கோடு போட்ட நோட்டு: ‘எழுத முடியுமா?’ன்னு கேட்டேன்... ‘எழுதிட்டியா?’ன்னு கேட்கலை!



இந்த வாரம் காமெடி கொஞ்சம் கம்மிதான். ஏன்னா, மூணு வருஷ காலேஜ் லைஃப்ல நான் வாங்கின பல்புலேயே பெரிய பல்பைப் பத்திச் சொல்லப்போறேன். குண்டு பல்பு இல்லை பாஸ்... ஹைவேஸ்ல எரியுமே சோடியம் வேப்பர், அந்த சைஸ்!

போன செமஸ்டர், எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம். காலை எட்டரை மணி. வாசல்ல ரங்கோலி, பேனர், சந்தனம், கல்கண்டுன்னு கல்யாண வீட்டு கெட்டப். ரெஜிஸ்ட்ரேஷன் டேபிள்ல நான். கழுத்துல ‘வெப் டீம்’னு ஐ.டி. கார்டு. செம கெத்து!

மூணு பேர் வந்து நின்னாங்க. திருநெல்வேலியில ராத்திரி பஸ் ஏறி, காலையில ஆறு மணிக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்ட்லயே முகம் கழுவிட்டு வந்திருக்காங்க. பேப்பர் பிரசன்டேஷனுக்கு வந்த டீம். பேரைச் சொன்னாங்க. லிஸ்ட்ல தேடினேன். இல்லை. இனிஷியல் மாத்தித் தேடினேன். இல்லை. காலேஜ் பேரை வெச்சுத் தேடினேன். அதுவும் இல்லை.

‘‘நீங்க ரெஜிஸ்டர் பண்ணலையே...’’ன்னு வாயெடுத்தேன். அந்த டீம்ல இருந்த பொண்ணு ஒண்ணும் பேசாம மொபைலை நீட்டினாங்க. ஸ்க்ரீன்ஷாட். பச்சை கலர்ல பெருசா ஒரு டிக். கீழே, ‘உங்கள் பதிவு முடிந்தது. நன்றி!’

அந்த வரி நான் டைப் பண்ணினது. அந்தப் பச்சை கலர் நான் செலக்ட் பண்ணினது.

‘‘உங்க சைட்தானே நன்றின்னு சொல்லுச்சு?’’ன்னு அவங்க கேட்டாங்க. கோபமாகூட கேட்கலை. நிஜமாவே சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாங்க. அதுதான் வலிச்சது. அன்னிக்கு மதியத்துக்குள்ள அதே மாதிரி மொத்தம் 14 டீம்!

இப்போ கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்...

‘‘ஒரு கூகுள் ஃபார்ம் போட்டா வேலை முடிஞ்சது’’ன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான், ‘‘நாம கம்ப்யூட்டர் சயின்ஸ்டா! நாமளே கோட் அடிக்கலைன்னா எப்படி?’’ன்னு சீன் போட்டேன். ரெண்டே நாள். பி.ஹெச்.பி.யில ஒரு ஃபார்ம். பேர், காலேஜ், பேப்பர் தலைப்பு, போன் நம்பர். சப்மிட் அழுத்தினா, ஒரு டீமுக்கு ஒரு வரின்னு சர்வர்ல இருக்கிற ஒரு ஃபைல்ல கடைசியில போய் ஒட்டிக்கும். அவ்வளவுதான்!

என் லேப்டாப்ல ஜம்முன்னு ஓடுச்சு. டிபார்ட்மென்ட் சர்வர்ல ஏத்தினேன்... ‘பர்மிஷன் டினைட்’. நாட்டுல பாதிப் பேர் பி.ஹெச்.பி. படிக்கிறதை நிறுத்துற இடம் இதுதான்னு நினைக்கிறேன்!

ஏன் இப்படி? லேப்டாப்ல அந்த புரோகிராமை ஓட்டினது நான். ஃபோல்டரும் என்னோடது. எனக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனா, சர்வர்ல ஓட்டுறது நான் இல்லை. வெப் சர்வர்னு ஒருத்தர். உபுன்டு, டெபியன் மாதிரி லினக்ஸ்ல அவர் பேர் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ - டேட்டா’. ரெட் ஹேட் குடும்பத்துல ‘அப்பாச்சி’. நம்ம வீட்டுல நாம ஃப்ரிட்ஜைத் திறக்கலாம். வாடகைக்கு வந்தவர் திறக்க முடியுமா?

லினக்ஸ்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் மூணு வகை ஆளுங்க: ஓனர், குரூப், மத்தவங்க. படிக்க 4 மார்க், எழுத 2, ஓட்ட 1. கூட்டிப் போட்டா ஒரு நம்பர். 644-னா, ஓனருக்கு 4 + 2, அதாவது படிக்கலாம், எழுதலாம். மத்த ரெண்டு வகைக்கும் 4, வேடிக்கை மட்டும் பார்க்கலாம். ஃபோல்டருக்கு வழக்கமா 755. அங்கே எழுதுற உரிமைன்னா உள்ளே புது ஃபைல் உருவாக்கலாம், இருக்கிறதை அழிக்கலாம். ஓட்டுற உரிமைன்னா உள்ளே நுழையலாம். எங்க சர்வர்ல அந்த ஃபோல்டர் லேப் அட்மின் அண்ணா பேர்ல இருந்துச்சு. வெப் சர்வர் ‘மத்தவங்க’ லிஸ்ட்ல போயிட்டார். அதான் கதவடைப்பு!

அப்பத்தான் கூகுள் ஆண்டவர் ஒரு வரம் கொடுத்தார். பி.ஹெச்.பி.யில ‘இஸ் ரைட்டபிள்’னு ஒரு ஃபங்ஷன். ஃபைல் பேரைக் கொடுத்தா, ‘எழுதலாம்’, ‘எழுத முடியாது’ன்னு பதில் சொல்லும். ஆகா! எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே!

கேட்டேன். ‘எழுத முடியாது’ன்னுச்சு. அண்ணாகிட்ட சொல்லி உரிமையை மாத்தின பிறகும் ‘எழுத முடியாது’தான். மண்டை காஞ்சு போனேன். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் விஷயமே புரிஞ்சது. அந்த ஃபைலே அங்கே இன்னும் உருவாகலை! இந்த ஃபங்ஷன் ‘ஆமாம்’னு சொல்லணும்னா, ஃபைல் இருக்கவும் வேணும், எழுதவும் முடியணும். இல்லாத ஃபைலுக்குப் பதில் எப்பவும் ‘நோ’தான். புதுசா ஒரு ஃபைல் உருவாகணும்னா, கேட்கவேண்டியது அது உட்காரப்போற ஃபோல்டரைப் பத்தி.

இதுக்கு நடுவுல ஃபைனல் இயர் சீனியர் ஒருத்தர், ‘‘எதுக்குடா இவ்ளோ கஷ்டம்? 777 போட்டு விடு!’’ன்னு ஒரு மந்திரம் ஓதினார். ஓனர், குரூப், ஊர், உலகம்... எல்லாருக்கும் எல்லா உரிமையும். போட்டதும் எல்லாம் ஓடும். வீட்டுச் சாவி தொலைஞ்சா கதவையே கழட்டி வெச்சுடறதும் இதுவும் ஒண்ணுதான்! அந்த சர்வர்ல அக்கவுன்ட் இருக்கிற யார் வேணும்னாலும் அந்த ஃபோல்டர்ல எதையும் போடலாம், எதையும் அழிக்கலாம். நல்லவேளை, அட்மின் அண்ணா பார்த்துட்டு ஒரு முறை முறைச்சார். ஃபோல்டரை வெப் சர்வர் பேருக்கு மாத்தி, 750 போட்டார். கூடவே, ‘‘இதை சைட் ஃபோல்டருக்குள்ள வைக்காதே தம்பி. ஃபைல் பேரை எவனாவது யூகிச்சு அடிச்சான்னா, அத்தனை பேர் போன் நம்பரும் டவுன்லோடு ஆயிடும்’’னு ஃபைலை வெளியே தூக்கி வெச்சார். வாழ்க அண்ணா!

அப்புறம் என் கோட் இப்படித்தான் இருந்துச்சு: எழுத முடியுமான்னு கேள். ‘முடியாது’ன்னா, ‘மன்னிக்கவும்’னு சொல். ‘முடியும்’னா, எழுது. எழுதிட்டு, பச்சை டிக் போட்டு ‘நன்றி’ சொல்.

படிக்க எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! எங்கே தப்புன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்.

கண்டுபிடிக்க முடியலையா? நானும்தான். அதனாலதான் 14 டீம் நடுரோட்டுல நின்னுச்சு.

சிம்போசியம் முடிஞ்ச மறுநாள் லேப்ல உட்கார்ந்து போஸ்ட்மார்ட்டம் பண்ணினேன். லிஸ்ட் ஃபைல்ல 81 முழு வரிகள். 82-வது வரி பாதியில நிக்குது. காலேஜ் பேர்ல நாலு எழுத்து, அப்புறம் ஒண்ணுமே இல்லை. பேசிக்கிட்டிருக்கும்போதே போன் கட்டான மாதிரி! ஃபைலோட சைஸ் 12,288 பைட். இந்த நம்பரை எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு 4096-ஆல வகுத்தேன். மிச்சம் இல்லாம 3! அப்பத்தான் பொறி தட்டுச்சு. லினக்ஸ்ல டிஸ்க் இடத்தை வழக்கமா 4096 பைட் பிளாக் பிளாக்காத்தான் பிரிச்சுக் கொடுப்பாங்க. மூணாவது பிளாக் நிரம்பற வரைக்கும் எழுதியிருக்கு. நாலாவது பிளாக் கேட்டப்போ, ‘இடம் இல்லை, போ’ன்னு டிஸ்க் கையை விரிச்சிருக்கு.

டிஸ்க் எவ்வளவு காலின்னு பார்த்தேன். 100% ஃபுல்! ரெஜிஸ்ட்ரேஷன் முடியறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், போன வருஷ கல்ச்சுரல்ஸ் வீடியோ எல்லாத்தையும் யாரோ பத்திரமா இருக்கட்டும்னு அதே சர்வர்ல காப்பி பண்ணியிருக்காங்க. நம்ம மக்கள்தான் எதையும் கடைசி நாள்ல பண்றவங்களாச்சே... கூட்டமா ரெஜிஸ்டர் பண்ணினது எல்லாம் அதுக்கு அப்புறம்தான்!

சரி, ‘எழுத முடியுமா?’ன்னு கேட்டப்போ ‘முடியும்’னு ஏன் பொய் சொல்லுச்சு? பொய்யே சொல்லலை பாஸ்! அது பார்க்கிறது உரிமையை மட்டும்தான். ‘உனக்கு அனுமதி இருக்கா?’ன்னுதான் அது பார்க்கும். ‘டிஸ்க்ல இடம் இருக்கா?’ன்னு பார்க்காது. சினிமா தியேட்டர் வாசல்ல, ‘உள்ளே போகலாமா?’ன்னு கேட்டா, ‘போகலாம்’னுதான் சொல்வார். சீட் காலியா இருக்கான்னு நீங்க கேட்கவே இல்லையே!

இதுல இன்னொரு ட்விஸ்ட். அட்மின் அண்ணா தன் ரூட் லாகின்ல ஒரு ஃபைலை உருவாக்கிப் பார்த்தார். உருவாகிடுச்சு! ‘‘எல்லாம் நல்லாத்தானே இருக்கு?’’ன்னார். விஷயம் என்னன்னா, லினக்ஸ்ல ‘ஈ.எக்ஸ்.டி. 4’ ஃபைல் சிஸ்டம் போடும்போது, வழக்கமா 5% இடத்தை ரூட் யூசருக்குன்னு தனியா ஒதுக்கி வெச்சுடும். எம்.எல்.ஏ. கோட்டா மாதிரி! பொது ஜனங்களுக்கு ஹவுஸ்ஃபுல்னாலும் ராஜாவுக்கு சீட் உண்டு. அதனால, டெஸ்ட் பண்றவங்க வெப் சர்வரோட சட்டையைப் போட்டுக்கிட்டு டெஸ்ட் பண்ணணும். ராஜா வேஷத்துல போய் நகர்வலம் வந்தா, நாட்டுல குறையே தெரியாது!

ஆனா, உண்மையான வில்லன் டிஸ்க் இல்லை. நான்தான். பி.ஹெச்.பி.யில ஃபைல்ல எழுதற ‘ஃபைல் புட் கன்டென்ட்ஸ்’ ஃபங்ஷன், எழுதி முடிச்சதும் எத்தனை பைட் எழுதினேன்னு கணக்கு சொல்லும். எழுத முடியலைன்னா ‘ஃபால்ஸ்’னு சொல்லும். டிஸ்க் ஃபுல் ஆகி பாதியில நின்னாகூட, ‘இத்தனை பைட்ல இத்தனைதான் எழுதினேன், டிஸ்க்ல இடம் இல்லாம இருக்கலாம்’னு வார்னிங் கொடுத்துட்டு, ‘ஃபால்ஸ்’னு தெளிவா சொல்லிடும். எவ்வளவு நல்ல பிள்ளை! நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அந்த வார்னிங் ஸ்க்ரீன்ல வந்தா அசிங்கமா இருக்கேன்னு, ஃபங்ஷனுக்கு முன்னாடி ஒரு ‘@’ போட்டு வாயை அடைச்சுட்டேன். அது சொன்ன ‘ஃபால்ஸை’ வாங்கிப் பார்க்கவே இல்லை. 14 தடவை அது ‘முடியலை’ன்னு கத்தியிருக்கு. 14 தடவை நான் பச்சை டிக் போட்டு ‘நன்றி’ சொல்லியிருக்கேன்!

எழுத முடியுமான்னு கேட்டேன். எழுதிட்டியான்னு கேட்கவே இல்லை.

டிஸ்க்கை விடுங்க. இடம் தாராளமா இருந்தாலும் இந்த ‘முன்னாடி கேட்டுக்கிற’ பழக்கத்துல ஓர் ஓட்டை இருக்கு. ஹாஸ்டல் மெஸ்ல, ‘‘அண்ணா, சிக்கன் இருக்கா?’’ன்னு கேட்கிறீங்க. ‘‘இருக்கு தம்பி’’. தட்டு எடுக்கப் போறீங்க. திரும்பி வந்தா குழம்பு மட்டும் இருக்கு! அண்ணா பொய் சொல்லலை. நீங்க கேட்ட நிமிஷம் இருந்துச்சு. நீங்க வந்த நிமிஷம் இல்லை. கம்ப்யூட்டர்லயும் கேட்கிறதுக்கும் எழுதறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. மைக்ரோ செகண்ட்தான்னாலும், அதுக்குள்ள வேற புரோகிராம் அந்த ஃபைலை அழிக்கலாம், உரிமையை மாத்தலாம். கெட்டவன் ஒருத்தன் அந்த ஃபைலை எடுத்துட்டு, அதே பேர்ல வேற ஒரு முக்கியமான ஃபைலுக்கு ஒரு லிங்க்கை வெச்சுட்டான்னா? நீங்க செக் பண்ணினது ஒரு ஃபைல், எழுதறது இன்னொரு ஃபைல்! செக்யூரிட்டி ஆளுங்க இதுக்கு ‘டைம் ஆஃப் செக், டைம் ஆஃப் யூஸ்’னு தனியா பேரே வெச்சிருக்காங்க. லினக்ஸ்ல இந்த அனுமதியைக் கேட்கிற ‘அக்சஸ்’ங்கிற கட்டளையோட மேனுவல்லயே, ஃபைலைத் திறக்கிறதுக்கு முன்னாடி இப்படிக் கேட்டுக்கறது செக்யூரிட்டி ஓட்டைன்னு எச்சரிக்கை போட்டிருக்கு. நோட் ஜே.எஸ். கையேட்டுலயும் இதே அட்வைஸ்: செக் பண்ணிட்டு எழுதாதே, நேரா எழுது, தப்பு வந்தா அதைக் கவனி. பைத்தான் கோஷ்டி இன்னும் ஒரு படி மேலே. முன்கூட்டியே அனுமதி கேட்கிறதைவிட, செஞ்சுட்டு மன்னிப்பு கேட்கிறது ஈஸிங்கிறதை ஒரு கோடிங் ஸ்டைலாவே வெச்சிருக்காங்க. (இதை எக்ஸாம் ஹால்லயோ அட்டென்டன்ஸ்லயோ ட்ரை பண்ணாதீங்க மக்களே!)

அப்போ ‘இஸ் ரைட்டபிள்’ வேஸ்ட்டா? அப்படியும் இல்லை. அது நல்ல ஜோசியர். கல்யாணத்துக்கு முன்னாடி கேட்டுக்கலாம், தாலி கட்டினதுக்கு சாட்சியா வைக்க முடியாது! சைட்டை முதல்ல இன்ஸ்டால் பண்ணும்போது, ‘இந்த ஃபோல்டர்ல எழுத உரிமை இல்லை, அட்மினைப் பாருங்க’ன்னு முன்கூட்டியே சொல்றதுக்கு அது சூப்பர். வேர்டுபிரஸ் இன்ஸ்டால் பண்ணினவங்களுக்குத் தெரியும். அதோட கான்ஃபிக் ஃபைலை எழுத முடியலைன்னா, அது அழுதுட்டு நிக்காது. எழுத வேண்டிய வரிகளை ஸ்க்ரீன்ல காட்டி, நீங்களே ஒரு ஃபைல் உருவாக்கி இதை ஒட்டிடுங்கன்னு சொல்லும். தோத்தாலும் மரியாதையா தோக்கணும்னு அதுகிட்ட கத்துக்கிட்டேன்.

இப்போ என் கோட்ல என்னென்ன மாறியிருக்குன்னு சொல்றேன். நோட்டுல எழுதிக்கோங்க...

1. எழுதற ஃபங்ஷன் சொல்ற பதிலைக் கையில வாங்கிப் பார்க்கணும். ‘ஃபால்ஸ்’னா ‘நன்றி’ கிடையாது. அனுப்பின பைட்டும் எழுதின பைட்டும் சமமா இருந்தாத்தான் பச்சை டிக். டேட்டாபேஸ் யூஸ் பண்றவங்களுக்கும் இதேதான். டேட்டாபேஸும் அதே டிஸ்க்லதானே குடியிருக்கு!

2. ‘@’ போட்டு வாயை அடைக்காதீங்க. வார்னிங் யூசருக்குத் தெரிய வேண்டாம், சரி. ஆனா, லாக் ஃபைல்ல நமக்குத் தெரியணும். அந்த லாக்கும் அதே டிஸ்க்ல இருந்தா, டிஸ்க் ஃபுல் ஆகும்போது அதுவும் ஊமையாயிடும். ஜாக்கிரதை!

3. ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதினா வரிகள் கலந்துடாம இருக்க, பூட்டு போடணும். ‘லாக் எக்ஸ்’னு ஒரு ஆப்ஷன். இது பஸ் சீட்ல துண்டு போடற மாதிரி. துண்டை மதிக்கிறவங்ககிட்டதான் செல்லுபடியாகும். லினக்ஸ்ல இந்தப் பூட்டைக் கண்டுக்காம எழுதற புரோகிராமைத் தடுக்க முடியாது. அதனால நம்ம கோட்ல எழுதற எல்லா இடத்துலயும் துண்டு போடணும்.

4. ஃபைலை முழுசா மாத்தி எழுதணும்னா, நேரா அது மேலேயே எழுதாதீங்க. எழுதத் திறந்த உடனே பழசு காலியாயிடும். அப்புறம் டிஸ்க் ஃபுல்னா பழசும் போச்சு, புதுசும் போச்சு! அதே ஃபோல்டர்ல தற்காலிகமா ஒரு ஃபைல்ல எழுதி, சரியா எழுதியாச்சான்னு பார்த்துட்டு, கடைசியில ‘ரீநேம்’ பண்ணுங்க. ஒரே டிஸ்க்குக்குள்ள லினக்ஸ்ல இது ஒரே தட்டுல நடக்கும். பார்க்கிறவங்களுக்குப் பழசு தெரியும், இல்லைன்னா புதுசு தெரியும். அரைகுறை தெரியவே தெரியாது. புது வீட்டுல பால் காய்ச்சிட்டு, அப்புறம் பழைய வீட்டைக் காலி பண்ற டெக்னிக்!

5. ‘எழுதிட்டேன்’னு சிஸ்டம் சொன்னாலும் அது இன்னும் மெமரியில இருக்கலாம். அந்த நேரம் பார்த்து கரன்ட் போனா அம்பேல். ரொம்ப முக்கியமான விஷயம்னா, டிஸ்க்ல இறக்கியாச்சான்னு உறுதி பண்ற ‘எஃப் சிங்க்’ ஃபங்ஷன், 2021-ல வந்த பி.ஹெச்.பி. 8.1-ல இருந்து இருக்கு.

6. எழுத முடியலைன்னா யூசருக்கு உண்மையைச் சொல்லுங்க. அவங்க டைப் பண்ணினதை அழிக்காம அப்படியே ஃபார்ம்ல திருப்பிக் காட்டி, ‘இப்போ பதிவாகலை, இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க’ன்னு சொல்லுங்க. அசிங்கமில்லை.

இதுல கடைசி பாயின்ட்தான் எனக்கு ரொம்ப லேட்டா புரிஞ்சது. ‘மன்னிக்கவும்’னு ஒரு சிவப்பு மெசேஜ் வந்திருந்தா, அந்தத் திருநெல்வேலி டீம் மறுபடி ட்ரை பண்ணியிருக்கும். போன் பண்ணித் திட்டியிருக்கும். ரெண்டுமே நல்லதுதான். பொய்யா வந்த ஒரு பச்சை டிக், நிஜமா வந்திருக்க வேண்டிய சிவப்பு எழுத்தைவிட மோசம்!

சரி, அந்த டீம் என்ன ஆச்சு? நான் போய் கோ-ஆர்டினேட்டர் சார்கிட்ட, ‘‘தப்பு அவங்க மேல இல்லை சார், என் கோட் மேல’’ன்னு ஒத்துக்கிட்டேன். சார் அஞ்சு நிமிஷம் திட்டினார். ஆறாவது நிமிஷம் மேல் மாடியில ஒரு கிளாஸ் ரூமைத் திறந்து விட்டார். மதியத்துக்கு மேல அந்த 14 டீமுக்கும் தனி செஷன். புரொஜக்டர் இல்லாம, போர்டுல எழுதியே பேப்பர் பிரசன்ட் பண்ணினாங்க. கிளம்பும்போது அந்தப் பொண்ணு, ‘‘அடுத்த வருஷமும் உங்க சைட்தானா?’’ன்னு கேட்டு சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன்.

ஆனா, ஒரு விஷயம் இன்னும் உறுத்துது. சிம்போசியத்துக்கு முந்தின நாள் அந்த லிஸ்ட்டை வாட்ஸ்அப் குரூப்ல போட்டோம். அதுல தன் பேர் இல்லைன்னு பார்த்துட்டு, ‘சரி, நம்மளை செலக்ட் பண்ணலை போல’ன்னு கிளம்பாமலே இருந்துட்டவங்க எத்தனை பேர்? வந்தவங்க 14 டீம்னு எண்ண முடிஞ்சது. வராதவங்களை எங்கே போய் எண்றது? அவங்க பேரும் அந்த ஃபைல்ல இல்லையே!

அதனால... உங்க புராஜெக்ட்ல ஃபைலோ, டேட்டாபேஸோ, எதுல எழுதறீங்களோ, இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை அந்தக் கோடைத் திறந்து பாருங்க. ‘நன்றி’ங்கிற வார்த்தைக்கு முந்தின வரியில என்ன இருக்குன்னு பாருங்க. கேள்வி மட்டும்தான் இருக்குன்னா, தூங்கறதுக்கு முன்னாடி மாத்திடுங்க.

இப்போதைக்கு ஜூட்! அடுத்த வாரம் அடுத்த பல்போட மீட் பண்றேன்!